விடிந்தால் பயணம்

வாசகர் கேள்வி – பதில்

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, கப்பல் ஏறுவதற்கு முந்தின ராத்திரி என்று இந்த முறை பர்மாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ராத்திரியைப் பற்றித்தான். எழுதியவர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரிக் கேள்விகளை வார்டு வேலை தெரிந்தவர்களும், கப்பல் கேள்விகளை அந்தத் தொழிலில் இருப்பவர்களும் பார்த்துச் சொன்ன பதில்கள் இவை. மருந்து, சாப்பாடு விஷயத்தில் உங்கள் டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் பேச்சுதான் கணக்கு.

தாட்டோன் வாசகி: வீட்டுக்காரருக்கு வயது 54. அடுத்த மாதம் ரங்கூனில் பைபாஸ் ஆபரேஷன். முதல் நாள் சாயங்காலமே சேர்ந்துவிட வேண்டும், துணைக்கு ஒரு ஆள் தங்கலாம் என்கிறார்கள். அவர் எப்போதும் அளந்துதான் பேசுவார், இப்போது அதுவும் இல்லை. நான் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அந்த ராத்திரி என்ன பேசுவது?

ஒன்றும் பேச வேண்டாம் அம்மா. பேச வேண்டியதைத் தாட்டோனிலேயே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, பகல் வெளிச்சத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பேசி முடித்துவிடுங்கள். நோட்டில் வர வேண்டியது நாலு விஷயம்: அவர் சாப்பிடும் மாத்திரைகள் (பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை), எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது, பணம் எங்கே எவ்வளவு, டாக்டர் அவசரமாக ஏதாவது கேட்டால் முடிவு சொல்லப் போவது நீங்களா மகனா. இந்த நாலும் மனதில் பாக்கி இருந்தால் அந்த ராத்திரி மௌனம் மௌனமாக இருக்காது, இருவருக்கும் உள்ளே ஓயாத இரைச்சல்தான்.

ஒரு வாரம் முன்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைப் பொதுவாக 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளுக்கு 3 நாள். முதல் நாள் போய்ச் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தினால் அது இன்னும் ஆபத்து.

இனி அந்த ராத்திரி. கைக்கு நிறைய வேலை இருக்கிறது.

முதலில் நகம் வெட்டிவிடுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரல் நுனியில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். வெளிச்சத்தை நகத்தின் வழியே செலுத்திப் பார்க்கிற கருவி அது. நீண்ட நகமும் அழுக்கும் நகப்பூச்சும் அதற்கு இடைஞ்சல். அடுத்தது மோதிரம். வருஷக்கணக்காகக் கழற்றாத மோதிரம் சோப்புக்கு அசையாது. கையை ஐந்து நிமிஷம் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கச் சொல்லுங்கள், பிறகு குளிர்ந்த தண்ணீர். அப்படியும் வராவிட்டால் நூல் முறை: தையல் நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கமாக நுழைத்துவிட்டு, நீளமான பக்கத்தை மோதிரத்தை ஒட்டி ஆரம்பித்து, மூட்டைத் தாண்டும் வரை இடைவெளி விடாமல் இறுக்கமாகச் சுற்றுங்கள். பிறகு உள்ளே நுழைத்த நுனியைப் பிடித்து, நகத்தை நோக்கி இழுத்தபடியே பிரித்து வாருங்கள். ஒவ்வொரு சுற்றுப் பிரியும்போதும் மோதிரம் ஒரு நெல் அளவு முன்னே வரும். விரல் நீலம் பாரித்தால் உடனே நூலை அறுத்துவிடுங்கள், காலையில் நர்ஸ் பார்த்துக்கொள்வார். இரண்டு நிமிஷ வேலை, அவர் கை முழுக்க உங்கள் மடியில் இருக்கும்.

தனக்கா (மரப்பட்டை அரைத்த முகப்பூச்சு) பூசும் பழக்கம் அவருக்கு இருந்தால் அன்று சாயங்காலம் கழுவித் துடைத்துவிடுங்கள். முகமும் உதடும் வெளுக்கிறதா, நீலமாகிறதா என்பது மயக்க டாக்டருக்குத் தெரிய வேண்டும். பூச்சின் மேல் பிளாஸ்திரியும் ஒட்டாது. தேங்காயெண்ணெய் அன்று தலைக்கும் வேண்டாம், உடம்புக்கும் வேண்டாம். மார்பில் ஒட்டும் ஈ.சி.ஜி. வில்லைகள் எண்ணெயில் வழுக்கும். முதல் நாள் ராத்திரியும் விடிகாலையும் ஆஸ்பத்திரி தரும் சோப்பால் குளியல், துவைத்த துணி. மார்பையோ காலையோ சுத்தமாக இருக்கட்டும் என்று நீங்களே பிளேடால் சிரைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி குடியேறும். பைபாஸுக்குக் காலிலிருந்தும் ரத்தக்குழாய் எடுப்பார்கள் என்பதால் கால் தோலும் முக்கியம்.

வெற்றிலைதான் நம் ஊரில் பெரிய தலைவலி. குன்யா (பாக்கு வைத்து மடித்த வெற்றிலை) போடுகிறவர் என்றால் மயக்க டாக்டரிடம் மறைக்காதீர்கள். வருஷக்கணக்கில் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார் பாய்ந்து வாய் முழுசாகத் திறக்காது. தொண்டைக்குள் குழாய் விட வேண்டிய டாக்டர் அதை மேஜை மேல் வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது. வீட்டிலேயே பார்த்துவிடலாம்: அவருடைய மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் அதை நோட்டில் எழுதுங்கள். ஆடுகிற பல், கட்டின பல் இருந்தால் அதுவும். வெற்றிலைப் பெட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், தலைமாட்டில் வைத்துக்கொண்டு ‘போடாதே’ என்றால் யாராலும் முடியாது.

சாப்பாடு: காலை 8 மணி ஆபரேஷன் என்றால் ராத்திரி 8 மணிக்குள் இட்லி, ரசஞ்சோறு மாதிரி லேசாக. மயக்கம் கொடுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே கெட்டி ஆகாரம் நிற்க வேண்டும், எண்ணெயில் பொரித்ததற்கு 8 மணி நேரம். பால் போட்ட டீ தண்ணீர்க் கணக்கில் வராது, அது ஆகாரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பல இடங்களில் உண்டு. நடுராத்திரிக்குப் பிறகு எதுவுமே கூடாது என்று உங்கள் வார்டில் சொன்னால் அப்படியே. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்பதற்காகத்தான் இத்தனை கண்டிப்பு. ‘பாவம், வெறும் வயிற்றோடு போகிறாரே’ என்று விடிகாலையில் ஒரு பிஸ்கட் கொடுத்து ஆபரேஷனை ரத்தாக்கிய மனைவிமார் ஏராளம்.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். கண் விழிக்கும்போது அவர் தொண்டையில் மூச்சுக் குழாய் இருக்கும். சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு மறுநாள் காலை வரை. குரல் வராது. குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையை மெத்தென்ற துணியால் லேசாகக் கட்டியிருக்கலாம். இது முன்னமே தெரியாதவர் பயந்துபோவார். அதனால் அன்று ராத்திரி விளக்கணைத்த பிறகு அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு ஒரு பாஷையைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு அழுத்து, ஆமாம். இரண்டு அழுத்து, இல்லை. சுண்டுவிரலால் உள்ளங்கையில் கீறினால் வலிக்கிறது. கட்டைவிரலால் தேய்த்தால் தாகம். மணிக்கட்டில் ஊசிக் குழாய் இருக்கும், ஆகையால் விரலை மட்டும் பிடியுங்கள். இரண்டு கையிலும் பழகுங்கள், எந்தக் கை காலியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நாலு குறிக்கு மேல் வைத்துக்கொண்டால் மயக்கம் தெளிந்த மூளைக்கு நினைவிருக்காது. ஐந்தாவதாக உங்களுக்குள் மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அது நோட்டில் வேண்டாம்.

தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமுவதையும், ஒருக்களித்துப் புரண்டு கையை ஊன்றாமல் எழுவதையும் நாலைந்து தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். மார்பெலும்பு சேர 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை ‘எழுந்திரிங்க’ என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள், பாசத்தில் எல்லோரும் செய்கிற தப்பு அது. கண் விழித்த முதல் ஓரிரு நாள் ஆள் தெரியாமல் உளறினாலும் கலங்க வேண்டாம், சிலருக்கு அப்படி ஆகித் தெளியும். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள், பாதித் தெளிவு அதிலேயே வந்துவிடும்.

பெகு வாசகர்: மனைவிக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். தாலியைக் கழற்றியாக வேண்டும் என்கிறார்கள். என் அம்மா ‘உயிரே போனாலும் கழற்றக் கூடாது’ என்கிறார். மனைவி எதுவும் சொல்லாமல் கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.

உலோகம் கழற்றத்தான் வேண்டும். ரத்தம் கட்டுவதற்கு மின்சாரத்தால் சுடும் கத்தியைப் பயன்படுத்துகிறார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தோல் சுட்டுவிடும் அபாயம் உண்டு. கழுத்து, மயக்க டாக்டரின் வேலையிடம். திடீரென்று அங்கே ஊசி போட வேண்டி வந்தால் சங்கிலி குறுக்கே நிற்கக் கூடாது. தவிர, வார்டில் நகை காணாமல் போனால் யாரைக் கேட்பது?

அம்மாவிடம் சட்டம் பேசாதீர்கள். கட்டியவரே கழற்றி, கட்டியவரே திரும்பக் கட்டினால் அதில் குறையில்லை என்று நம் வீடுகளில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வதுண்டு, அதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் சாமி அறையில், நர்ஸ் அவசரப்படுத்தாத நேரத்தில் செய்யுங்கள். சரடில் கோத்திருப்பதை எண்ணிக்கொள்ளுங்கள்: தாலி, குண்டு, காசு, பவளம் என்று எத்தனை. எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதி, குங்குமச் சிமிழோடு மஞ்சள் துணியில் முடிந்து உங்கள் சட்டையின் உள்பையில் வையுங்கள். பையிலோ பீரோவிலோ வேண்டாம், உங்கள் மேலேயே இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்தால் போதும், அவர் கழுத்தைத் தடவுவது நிற்கும். பூட்டுச் சங்கிலியாக இருந்தால் கொக்கியில் எண்ணெய் அழுக்கு ஏறி இறுகியிருக்கும். முதல் நாளே வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துத் திறந்து பாருங்கள். கடைசி நேரத்தில் பல்லால் கடித்து இழுக்கிற நிலைமை வரக் கூடாது.

கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறாவது இருக்கட்டும் என்று கேட்டால் சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் மாட்டார்கள். கேட்பதில் தப்பில்லை. கயிற்றுச் சாயம் கழுத்தில் ஒட்டியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மனைவியின் கண்ணாடி வளையல்களை உடைக்க வேண்டியதில்லை. கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு உறை மேல் வழுக்கினால் வந்துவிடும்.

ரங்கூன் வாசகி: கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவர் கப்பலில் ஆயிலர், எஞ்சின் ரூம் வேலை. ஜாயினிங் தேதி மூன்று தடவை தள்ளிப்போய்விட்டது. மூன்று தடவையும் பெட்டி கட்டி, ராத்திரி முழுக்க விழித்திருந்து, விடிந்ததும் ‘இன்னும் பத்து நாள்’ என்று போன் வரும். இப்போது எனக்கு அழுகைகூட வரவில்லை. எனக்கு அவர் மேல் ஆசை குறைந்துவிட்டதா?

இல்லை தங்கச்சி, களைப்பு. ஒரே பிரிவை நாலு தடவை பிரிந்தால் யாருக்கும் அப்படித்தான்.

தள்ளிப்போவது எதனால் என்று தெரிந்தால் மனது கொஞ்சம் அடங்கும். கப்பல் துறைமுகத்தில் நிற்கிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ஆள் மாற்ற முடியும். துறையில் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நின்றால் தேதி மாறும். சரக்கு வேறு ஊருக்கு என்றால் ஊரே மாறும், விசாவும் மாறும். ஏஜெண்ட் சொல்கிற தேதி வெறும் உத்தேசம். ஆகவே விமான டிக்கெட் கையில் வரும் வரை விடை கொடுக்கிற ராத்திரி என்று எதையும் நடத்தாதீர்கள். பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள்: பாஸ்போர்ட், சி.டி.சி. (கப்பல் ஊழியர் பதிவுப் புத்தகம்), மெடிக்கல் சர்டிபிகேட், பயிற்சிச் சான்றிதழ்கள், மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை, ஒப்பந்தம், இவையெல்லாம் ஒரே கைப்பையில் எப்போதும் தயாராக. துணிமணி கடைசி நாள். காகிதங்களை ஏற்றுகிற பெட்டியில் போடக் கூடாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அவர் கப்பல் ஏற முடியாது.

உங்களிடம் இருக்க வேண்டியவை: ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களின் போட்டோ, கம்பெனி மற்றும் ஏஜெண்ட் தொலைபேசி, வீட்டுக்கு எவ்வளவு பணம் எந்தத் தேதியில் வரும் என்ற விவரம். முதல் மாதச் சம்பளம் மாதம் முடிந்துதான் புறப்படும், ஆகவே இரண்டு மாதச் செலவுப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் பெயரோடு அதன் ஐ.எம்.ஓ. எண்ணையும் எழுதி வாங்குங்கள். 7 இலக்கம். கப்பலை விற்றால் பெயர் மாறும், கொடி மாறும், அந்த எண் மாறாது.

போனில் கப்பல் எங்கே போகிறது என்று பார்க்கிற ஆப் போட்டிருப்பீர்கள். இலவச ஆப்கள் கரையில் இருக்கும் ஏரியல்களை நம்புபவை. கரையை விட்டுச் சில பத்துக் கடல் மைல் போனதும் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது மறைந்துவிடும். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏரியலுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். இது தெரியாமல் மூன்று நாள் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். நேரக் கணக்கும் பாருங்கள்: சிங்கப்பூர் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே. இங்கே ராத்திரி 9 என்றால் அங்கே 10.30. கிழக்கே போகப் போகக் கப்பல் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், மேற்கே என்றால் பின்னே. அவர் வாட்ச் முறையா (ஷிப்ட் வேலை), பகல் வேலையா என்று கேட்டு வையுங்கள். 12-லிருந்து 4 வரை வாட்ச் என்றால் நடுராத்திரி எஞ்சின் ரூமில் இருப்பார், அப்போது போன் எடுக்காததில் கோபப்பட ஒன்றுமில்லை.

டிக்கெட் வந்த பிறகு வரும் அந்தக் கடைசி நாளில் ஒன்றைக் கவனியுங்கள். காலையிலிருந்து அவர் குழாய்க்கு வாஷர் மாற்றுவார், ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் போடுவார், கதவுக் கீலை முடுக்குவார். ‘இன்றைக்கா இதெல்லாம்?’ என்று கேட்டுவிடாதீர்கள். அவருடைய பேச்சே அதுதான். நீங்கள் டார்ச்சைப் பிடியுங்கள். நம் ஊர் கரண்டுக்கு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்க்கிற வேலையை மட்டும் அவர் கையோடு உங்கள் கையும் சேர்ந்து ஒரு தடவை செய்துவிடுங்கள். ஈயப் பேட்டரி என்றால் மாதம் ஒரு முறை: சுவிட்சை அணைத்து, ரப்பர் உறை மாட்டி, ஆறு மூடியையும் திறந்து, தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல்கோட்டைத் தாண்டாமல். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைத் தின்றுவிடும். மேல்கோட்டைத் தாண்டினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். பக்கத்தில் ஊதுபத்தி, அகல் விளக்கு எதுவும் வேண்டாம், சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும். ஆறாவது மூடியைத் திருகிய பிறகு இருவர் கையும் அழுக்காக இருக்கும். ஒரே செம்புத் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

மோல்மேன் வாசகி: அவர் கட்டியிருந்த லுங்கியைத் துவைக்காமல் எடுத்து வைத்துக்கொள்ள ஆசை. போன தடவை வைத்தேன், ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. மாமியாருக்குத் தெரியாமல் எப்படிப் பாதுகாப்பது?

ஈரத்தோடு மடித்திருப்பீர்கள். மோல்மேன் மழைக்கு வேர்வை ஈரமே போதும். காலையில் அவர் கழற்றியதும் நிழலில், ஃபேன் காற்றில், ஒரு பகல் முழுக்க உலர விடுங்கள். வெயில் கூடாது, வாசனை போய்விடும். நன்றாகக் காய்ந்தபின் தளர்வாகச் சுருட்டி, அழுத்தி மூடுகிற பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். மருந்து டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இரண்டு உள்ளே போடலாம். நாப்தலின் உருண்டை வேண்டவே வேண்டாம், பிறகு லுங்கியில் நாப்தலின் வாசனைதான் இருக்கும். தினமும் திறந்தால் இரண்டு வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது. எப்போது திறப்பது என்பது உங்கள் பாடு.

பெண்கள் இடுப்பில் கட்டும் தமெய்னோடு ஆண் துணியைச் சேர்த்து வைத்தால் ஆணுக்கு மதிப்புக் குறையும் என்று பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி சொல்லக்கூடும். தனி உறையில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். மாமியார் விஷயம்: அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் மகன் போனதும் அவரும் எதையாவது எடுத்து வைத்திருப்பார்.

சிரியம் வாசகி: எனக்குப் பேசத் தெரியாது, சமைக்கத்தான் தெரியும். வேலைக்கு மலேசியா போகிறவருக்கு மூன்று மாதம் கெடாமல் என்ன கட்டிக் கொடுக்கலாம்?

பருப்புப் பொடி. துவரம்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், காய்ந்த மிளகாய் 8, மிளகு ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் சுண்டைக்காயளவு, கல்லுப்பு. எண்ணெய் விடாமல் சிறு தீயில் பருப்பு பொன்னிறமாகிற வரை, 12 நிமிஷமாவது வறுக்க வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும், அந்தப் பச்சைதான் பிறகு வண்டு வைக்கும். பூண்டும் கறிவேப்பிலையும் ருசிதான், ஆனால் ஈரம். மூன்று மாதத்துக்கு ஆகாது. காகிதத்தில் பரப்பி முழுக்க ஆறிய பிறகு அரைத்து, அரைத்த சூடும் ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். முதல் நாள் ராத்திரி அவசரமாகச் சூட்டோடு மூடுவதால்தான் மூடியில் வேர்த்து, மேல் விரற்கடை கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கிறது. இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். டப்பாவுக்குள் ஒரு மரக்கரண்டி போட்டு வையுங்கள், ஈரக் கரண்டி விடுகிற கை அவருடையது என்றால். ஊறுகாய் கொடுத்தால் ஏற்றுகிற பெட்டியில். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகவிட மாட்டார்கள்.

பெயர், ஊர் இல்லாத கடிதம்: நான் தூங்குவது போல் படுத்திருக்கிறேன். அவளும் அப்படித்தான். எழுப்பலாமா?

எழுப்ப யாரும் தூங்கவில்லையே. போர்வையைச் சரி செய்யுங்கள், அவர் பக்கம் அரை சாண் கூடுதலாக.

மோல்மேன், கோவில் தமிழ் வகுப்பு ஆசிரியை: ‘தொடிநோக்கி மென்தோளும் நோக்கி அடிநோக்கி அஃதாண் டவள்செய் தது’ என்ற குறளைப் பெரிய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ‘அவள் என்னதான் செய்தாள்?’ என்று கேட்கிறார்கள்.

பிள்ளைகள் சரியான இடத்தில்தான் நிற்கிறார்கள். 1279-ஆம் குறள், குறிப்பறிவுறுத்தல் அதிகாரம். கணவன் பிரியப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வளையலைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். அங்கே அவள் செய்தது அதுதான். மூன்று பார்வை, ஒரு சொல் இல்லை. நீ போனால் வளையல் கழன்று விழும், தோள் மெலியும், அப்படி ஆகாமல் இருக்க இந்தக் கால் உன்னோடு நடக்க வேண்டும் என்பது உரை. இதைச் சொல்பவள் தோழி. வகுப்பில் ஒரு பெண்ணை எழுந்து அந்த மூன்று பார்வையையும் வரிசையாகச் செய்யச் சொல்லுங்கள். வரிசையை மாற்றிக் காலிலிருந்து ஆரம்பித்தால் பொருள் குலைவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அதே அதிகாரத்தில் 1276-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் வழக்கத்தைவிட அதிகமாகக் கொஞ்சுகிறான், ஆகவே ஏதோ திட்டம் வைத்திருக்கிறான் என்று அவள் கணக்குப் போடுகிறாள். ஒருநாளுமில்லாமல் மல்லிகைப்பூ வாங்கி வந்த கணவனைப் பார்த்து ‘எப்போது பயணம்?’ என்று கேட்கிற மனைவிமாருக்கு இதற்கு உரையே தேவையில்லை.

ரங்கூன் வாசகர்: 1964-இல் என் தாத்தா கப்பலில் மதராஸ் போனார், பாட்டி இங்கேயே இருந்துவிட்டார். சண்டை எதுவும் இல்லையாம். பிறகு ஏன் பிரிந்தார்கள் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை.

சண்டை இல்லாமல் பிரிந்த வீடுகள் அந்த வருஷத்தில் பல உண்டு. மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே 17-ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், கையிருப்பும் போனவர்கள் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார்கள். தாத்தாவிடம் வெளிநாட்டவர் பதிவுப் புத்தகமும் (எப்.ஆர்.சி. என்பார்கள்) பாட்டியிடம் இந்நாட்டுப் பதிவு அட்டையும் இருந்திருந்தால் ஒரே வீட்டில் இரண்டு நாட்டுக்காரர்கள் என்று ஆகிவிடும். வயதான பெற்றோர், பரீட்சை எழுதும் பிள்ளை, விற்க முடியாத வீடு என்று ஒருவர் தங்கிவிடுவதும் நடந்தது. ‘முதலில் ஒருவர் போய்ப் பார்ப்போம்’ என்று சொல்லிப் பிரிந்தது அப்படியே நின்றும்போயிருக்கிறது. அப்போது தங்கம் கொண்டுபோகக் கட்டுப்பாடு கடுமை, அதனால் நகையைத் தங்குகிறவரிடமே கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் தேடுங்கள்: பதிவுப் புத்தகம், கப்பல் சீட்டு, தமிழ்நாட்டு முத்திரை போட்ட உறைகள். உறைகளின் தேதிகளை வரிசைப்படுத்தினால் எப்போது வரை திரும்பி வரும் எண்ணம் இருந்தது என்று தெரிந்துவிடும். தாத்தா பக்கத்தில் தேட வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிற பர்மா காலனிகளில் விசாரியுங்கள். பர்மா, இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-இல் தொடங்கிய ரெப்கோ வங்கியில் அவர் உறுப்பினராக இருந்தாரா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

பெகு வாசகி: பயணம் போனவர் படியிறங்கியதும் வீட்டைக் கூட்டக் கூடாது என்பார்களே, எவ்வளவு நேரம்? எனக்கு வேலைக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் வண்டி ஊர் எல்லையைத் தாண்டும் வரை என்பார்கள். விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்பே போய்விடுவார், பெட்டியைப் போட்டாச்சு என்று அவரிடமிருந்து போன் வந்ததும் கூட்டிக்கொள்ளலாம். பீலிக்கான் கோவில் விபூதி நெற்றியில் வைத்துவிட்டபோது தரையில் உதிர்ந்திருந்தால் அதைத் துடைப்பத்தால் தொடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அவர் குடித்து வைத்த டீ டம்ளரை மட்டும் போனுக்குக் காத்திருக்காமல் கழுவிவிடுங்கள், எறும்பு வந்துவிடும்.